புறக்கணிக்கப்பட்டவர்கள் எதைப் புறக்கணிப்பது? - ஒத்துழையாமை இயக்கத்தைச் சேரியிலிருந்து மதிப்பிடுதல்

ஒத்துழையாமை இயக்கம் வெற்றியா தோல்வியா என்பது பத்தாம் வகுப்பிலிருந்து போட்டித் தேர்வு வரை கேட்கப்படும் கேள்வி. விடையும் ஏறக்குறைய எல்லோருக்கும் மனப்பாடம். ஓராண்டில் சுயராஜ்யம் கிடைக்கவில்லை, ஆகவே உடனடி இலக்கில் தோல்வி. ஆனால் கோடிக்கணக்கான மக்களின் மனதிலிருந்து ஆட்சியின் மீதான பயம் போனது, ஆகவே நீண்டகால நோக்கில் வெற்றி. இப்படி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

இந்த விடையில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வி? 1920-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சேரியில் வாழ்ந்த குடும்பத்திடம் அந்த இயக்கம் என்ன கேட்டது? பதிலுக்கு என்ன கொடுத்தது? ஒரு வெகுமக்கள் போராட்டத்தை மதிப்பிடும்போது அதன் எதிரிக்கு ஏற்பட்ட நட்டத்தை மட்டும் கணக்கிடுவது அரைக் கணக்கு. போராட்டத்தின் செலவை யார் ஏற்றார்கள் என்பது மீதிக் கணக்கு. அந்த மீதிக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

முதலில் நியாயமான கணக்கு

1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாடு ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்றது. அதே ஆண்டு டிசம்பரில் நாகபுரி மாநாடு அதை உறுதி செய்தது. பட்டங்களைத் துறக்க வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் நிற்கக் கூடாது, வாக்களிக்கவும் கூடாது. வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தை விட்டு வெளியேற வேண்டும். மாணவர்கள் அரசுப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் விட்டு வர வேண்டும். அயல்நாட்டுத் துணியை விலக்கிக் கதர் உடுத்த வேண்டும். கள்ளுக்கடை மறியலும் பிறகு இதோடு சேர்ந்தது.

இதன் விளைவைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. 1920-21-ல் 102 கோடி ரூபாயாக இருந்த அயல்நாட்டுத் துணி இறக்குமதி, 1921-22-ல் 57 கோடியாகச் சரிந்தது. ஒரு வணிகப் பேரரசின் மடியில் கைவைத்த அடி அது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். சேலத்தில் நல்ல வருமானத்தோடு வழக்கறிஞர் தொழில் செய்துவந்த ராஜாஜி தொழிலை விட்டார். ஈரோட்டில் பெரியார் தன் தோப்பிலிருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன் மறியலுக்கு நின்றார்கள். பெண்கள் தெருவுக்கு வந்து அரசியல் பேசியது தமிழ்நாட்டுக்குப் புதிது.

ஆயுதம் இல்லாத மக்கள், தாங்கள் ஆட்சிக்குத் தரும் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் ஆட்சி தடுமாறும் என்பதை இந்த இயக்கம் நிரூபித்தது. இதை மறுப்பதற்கில்லை. நாம் கேட்பது வேறு: சம்மதம் தரும் இடத்திலேயே வைக்கப்படாதவர்கள் எதைத் திரும்பப் பெறுவது?

பட்டியலைச் சேரியில் வைத்துப் படித்தால்

அதே பட்டியலை இன்னொரு முறை படிப்போம், இந்த முறை சேரியின் திண்ணையில் உட்கார்ந்து.

பட்டங்களைத் துற. சேரியில் ராவ் பகதூர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சட்டமன்றத்தைப் புறக்கணி. 1920 தேர்தலில் சுமார் 4 கோடி மக்கள் கொண்ட சென்னை மாகாணத்தில் வாக்குரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 12.5 லட்சம் பேர். சொத்தும் வரியும்தான் தகுதி. நிலமில்லாத ஆதிதிராவிடரில் பெரும்பாலோருக்கு வாக்கே கிடையாது. இல்லாத வாக்கை எப்படிப் புறக்கணிப்பது? நியமன உறுப்பினர்களாக ஒரு சிலர் மட்டுமே உள்ளே போக முடிந்தது. அந்தச் சில நாற்காலிகளையும் காலி செய்யச் சொன்னது இந்தத் திட்டம்.

நீதிமன்றத்தைப் புறக்கணி, வழக்குகளைப் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். வெள்ளைக்காரன் நீதிமன்றம் தலித்துக்கு நீதி வழங்கிக் குவித்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு மாற்றாகக் காட்டப்பட்ட பஞ்சாயத்து எது? சேரிக்காரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று தீர்ப்புக் கேட்ட அதே ஊர்ப் பஞ்சாயத்து. அபராதம் போட்டவன், மரத்தில் கட்டி அடிக்கச் சொன்னவன், தண்ணீரை நிறுத்தச் சொன்னவன் உட்கார்ந்திருந்த இடம்.

பள்ளியை விட்டு வா. அரசுப் பள்ளிக்குள் கால் வைக்கவே நம் முன்னோர்கள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. மிஷன் பள்ளிகள், 1894-ல் தொடங்கிய ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளிகள், 1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம் என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டித் திறந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போகாத பிள்ளையிடம் வெளியே வா என்றது இயக்கம்.

விட்டு வந்தவர்களுக்கான மாற்றுப் பள்ளி எப்படி இருந்தது என்பதற்குச் சேரன்மாதேவி சாட்சி. 1922-ல் வ.வே.சு. ஐயர் அங்கே தொடங்கிய குருகுலம் தேசியக் கல்வியின் முன்மாதிரி என்று கொண்டாடப்பட்டது. தமிழ்நாடு காங்கிரஸ் நிதியிலிருந்து 5,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றவர்களுக்குத் தனிப் பந்தி. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய கேள்வியால் 1924-25-ல் அது பெரும் சர்ச்சையானது. பிராமணரல்லாத சாதிப் பிள்ளைகளுக்கே தனிப் பந்தி என்றால் சேரிப் பிள்ளைக்கு எந்தப் பந்தி?

துணியைக் கொளுத்து, கதர் உடுத்து. ஆலைத் துணியைவிடக் கதர் விலை அதிகம். முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டினாலே அடி விழும் ஊர்களில், ஒற்றைத் துணியோடு வாழ்ந்த குடும்பத்திடம் கொளுத்துவதற்கு என்ன இருந்திருக்கும்? ஏழைகள் உடுத்தத் துணியில்லாமல் இருக்கும்போது துணியை எரிப்பது சரியா என்று தாகூரே 1921-ல் கேட்டார்.

பட்டியலில் கள்ளுக்கடை மறியல் ஒன்றுதான் சேரிக் குடும்பத்தின், குறிப்பாகச் சேரிப் பெண்களின், அன்றாட வாழ்க்கையை நேராகத் தொடக்கூடியதாக இருந்தது. மற்றவையெல்லாம், கையில் ஏதோ ஒன்று இருந்தவர்கள் அதை விடுவதற்கான திட்டங்கள்.

இந்தக் கேள்வி 1920-ல் திடீரென்று வந்ததும் இல்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1907-ல் தொடங்கிய தன் பத்திரிகையில், சுதேசி இயக்கம் சூடாக இருந்த நாட்களிலேயே இதை எழுப்பிவிட்டார். சொந்த நாட்டு மனிதனைத் தீண்ட மாட்டேன் என்பவர்கள் எந்தச் சுதேசத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே அவருடைய விமர்சனத்தின் சாரம். நம்மவர்கள் அரசியல் புரியாமல் விலகி நின்றார்கள் என்று சொல்லப்படும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள். புரிந்துதான் விலகி நின்றார்கள்.

காந்தி அறிந்திருந்தார்

காந்திக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். 1920 இறுதியில் 'யங் இந்தியா'வில் அவர் எழுதியதைப் பாருங்கள். பஞ்சமர்கள் முன் மூன்று வழிகள் இருப்பதாகச் சொல்கிறார். அரசாங்கத்தின் உதவியை நாடுவது, மதம் மாறுவது, இந்துக்களோடு ஒத்துழையாமை செய்வது. முதல் இரண்டையும் நிராகரிக்கிறார். மூன்றாவதை ஒரு வழியாக ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதை நடத்தும் தலைமை பஞ்சமர்களிடம் இல்லை என்று சொல்லி, தேசிய இயக்கத்தில் வந்து சேருமாறு அழைக்கிறார். தீண்டாமை நீங்காமல் சுயராஜ்யம் வராது என்றும் சொல்கிறார்.

ஆக, சாதி இந்துக்களுக்கு எதிராகத் தலித்துகள் ஒத்துழையாமை நடத்தலாம் என்ற சிந்தனை அவர் மேசையில் இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

நாகபுரித் தீர்மானத்தில் தீண்டாமை ஒழிப்பு இடம்பெற்றது. அது எப்படி நடைமுறைக்கு வந்தது? 1922 பிப்ரவரியில் பர்தோலியில் காங்கிரஸ் செயற்குழு வகுத்த நிர்மாணத் திட்டத்தைப் படித்தால் தெரியும். தீண்டாமை உணர்வு வலுவாக உள்ள இடங்களில் காங்கிரஸ் பணத்திலேயே தனிப் பள்ளிகளையும் தனிக் கிணறுகளையும் நடத்தலாம் என்றது அது. பொதுப் பள்ளிக்கும் பொதுக் கிணற்றுக்கும் முயற்சி செய்யச் சொன்னது, ஆனால் வேண்டுகோளாக. அயல்நாட்டுத் துணிக்கடை முன் மறியல் இருந்தது. ஊர்க் கிணற்றின் முன் மறியல் இல்லை.

அதன்பின் ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. சுவாமி சிரத்தானந்தர், சரோஜினி நாயுடு உள்ளிட்டோர் அதில் இருந்தார்கள். நிதியும் அதிகாரமும் கிடைக்காத நிலையில் சிரத்தானந்தர் விலகினார். 1923-ல் இந்தப் பொறுப்பை இந்து மகாசபை எடுத்துக்கொள்ளட்டும் என்று காங்கிரஸ் முடித்துக்கொண்டது. பாபாசாகேப் அம்பேத்கர் 1945-ல் வெளியிட்ட தன் நூலில் இதன் வரவு செலவை விரித்துக் காட்டினார். திலகர் சுயராஜ்ய நிதியில் திரண்டது ஒரு கோடியே முப்பது லட்சம் ரூபாய். தீண்டப்படாதோருக்கென்று ஒதுக்கப்பட்டது 43,381 ரூபாய்.

நூறு ரூபாய்க்கு முப்பத்து மூன்று காசு.

புளியந்தோப்பு, 1921

ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயில் பெரம்பூரைத் தாண்டி, வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ் என்று போகும். சேக்காட்டிலிருந்தும் பட்டாபிராமிலிருந்தும் தினமும் அந்த வழியாகக் கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தத் தடத்தை ஒட்டிய பகுதியில்தான் நம் கேள்வியின் கடினமான பாகம் இருக்கிறது.

பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைகள் இருந்தன. 1918 ஏப்ரலில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் முதன்மையாக அந்த ஆலைத் தொழிலாளர்களின் சங்கம். பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் அதன் முன்னோடிகள். இந்தியத் தொழிற்சங்க வரலாறு பெருமையோடு நினைவுகூரும் சங்கம் அது. அந்த ஆலைகளில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வேலை செய்தார்கள்.

1921 ஜூனில் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒத்துழையாமைக் காற்று நாடெங்கும் வீசிய நேரம் அது. காங்கிரஸ்காரர்கள் வேலைநிறுத்தத்தை ஆதரித்தார்கள், திரு.வி.க. முன்னின்றார். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைநிறுத்தத்தில் நிற்கவில்லை, வேலைக்குப் போனார்கள். எம்.சி. ராஜா போன்ற தலைவர்களும் வேலைநிறுத்தத்தை ஆதரிக்கவில்லை. முந்தைய ஆண்டின் இறுதியில்தான் ஒரு கதவடைப்பின் பட்டினியைத் தொழிலாளர்கள் பார்த்திருந்தார்கள். சொந்த ஊரில் கொஞ்சம் நிலமோ சாதிக்கார உறவின் கடனோ இருந்தவர்களுக்கும், ஒரு வாரக் கூலி நின்றால் அடுப்பு அணைந்துவிடும் குடும்பத்துக்கும் வேலைநிறுத்தம் ஒன்றல்ல. கிராமத்தில் பண்ணையடிமையாகத் திரும்பிப் போகாமல் இருக்க அந்த ஆலைதான் ஒரே பிடி. நிர்வாகம் இந்த நிலையைப் பயன்படுத்திக்கொண்டது. தொழிலாளர் ஒற்றுமையை உடைக்க அவர்களை ஆயுதமாக்கியது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. வேலைக்குப் போனதற்கான தண்டனை. அடிதடியும் தீவைப்பும் அடுத்த சில மாதங்கள் தொடர்ந்தன. ஆதிதிராவிடர்களும் திருப்பித் தாக்கினார்கள். ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் வேலைநிறுத்தத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அக்டோபரில், கோரிக்கைகளில் பெரிதாக எதையும் பெறாமலே வேலைநிறுத்தம் முடிந்தது. நடேச முதலியார் சமரசம் செய்துவைத்தார்.

அப்போது ஆட்சியிலிருந்த நீதிக்கட்சி என்ன செய்தது? அதன் பத்திரிகை, தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆதிதிராவிடர்களுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்ததுதான் கலவரத்துக்குக் காரணம் என்று எழுதியது. ஆதிதிராவிடர்களை நகரத்துக்கு வெளியே குடியமர்த்த வேண்டும் என்ற குரலும் அந்த வட்டத்தில் எழுந்தது. காங்கிரஸ் ஒரு பக்கம், நீதிக்கட்சி ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம், நிர்வாகம் ஒரு பக்கம். நால்வரில் யாரிடமும் புளியந்தோப்புக்காரருக்கு முழு இடமில்லை. எம்.சி. ராஜா 1923-ல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறியதற்கு இந்த அனுபவம் முக்கியக் காரணம்.

எங்கள் சேக்காடு வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசியபோது, ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "கருங்காலி வேலை தப்புதானே?" நல்ல கேள்வி. வேலைநிறுத்தத்தை உடைப்பது தொழிலாளர் நலனுக்கு எதிரானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒற்றுமை என்பது கேட்டுப் பெற வேண்டியது. ஆலை வாசலில் தோழர் என்று கூப்பிட்டுவிட்டு, தண்ணீர்க் குழாயடியில் தள்ளி நில் என்று சொல்பவரால் அதைக் கேட்டுப் பெற முடியாது. பட்டினியைப் பகிர்ந்துகொள்ள அழைப்பவர்கள் பந்தியையும் பகிர்ந்திருக்க வேண்டும்.

இரண்டு தீ

1922 பிப்ரவரி தொடக்கத்தில் ஐக்கிய மாகாணத்தின் சௌரி சௌராவில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டால் கொதித்த கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. 22 போலீஸ்காரர்கள் மாண்டார்கள். பிப்ரவரி 12 அன்று இயக்கம் நிறுத்தப்பட்டது. காந்தி ஐந்து நாள் உண்ணாநோன்பு இருந்தார். அதற்கு முன் 1921 நவம்பரில் பம்பாயில் நடந்த கலவரத்துக்காகவும் நோன்பு இருந்தார். வன்முறை புகுந்துவிட்டால் இயக்கத்தின் அறம் போய்விடும் என்பது அவர் வாதம்.

புளியந்தோப்புத் தீ இதற்கு ஏழு மாதம் முந்தியது. அதற்காக எதுவும் நிற்கவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று ஒருவர் வாதிடலாம். சௌரி சௌராவில் தீ வைத்தவர்களில் காங்கிரஸ் தொண்டர்கள் இருந்தார்கள், பெரம்பூர் வேலைநிறுத்தமோ கூலித் தகராறில் தொடங்கியது, காங்கிரஸ் அறிவித்த போராட்டம் இல்லை. அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்வோம். ஏற்ற பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அகிம்சையின் அளவுகோல் ஆட்சியாளரின் காவலர்களைத் தொட்டபோது விழித்துக்கொண்டது. இயக்கத்தின் ஆதரவாளர்கள் முன்னின்ற ஒரு போராட்டத்தில், உடன்வராத சக தொழிலாளியின் குடிசை எரிந்தபோது அதே கூர்மையோடு விழிக்கவில்லை.

அகிம்சைப் போராட்டத்தை மதிப்பிட, அது எதிரியை எப்படி நடத்தியது என்று பார்ப்பது வழக்கம். உடன்வராத எளியவரை எப்படி நடத்தியது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறேன். எதிரியிடம் துப்பாக்கி இருக்கிறது, அவனிடம் அகிம்சை காட்டுவதில் கணக்கும் உண்டு. திருப்பி அடிக்க வலுவில்லாத அண்டை வீட்டாரிடம் காட்டும் அகிம்சையில்தான் கொள்கை தெரியும்.

காலியான நாற்காலிகளும் நிரம்பிய நாற்காலிகளும்

காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்ததால் 1920-ல் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. அதே சட்டமன்றத்துக்குள் நியமன உறுப்பினராக இருந்துகொண்டு எம்.சி. ராஜா 1922-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று குறிக்க வேண்டும் என்றார். அது அரசாணையானது. 1924-ல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடங்களில் ஆதிதிராவிடர் உள்ளிட்ட எவருக்கும் தடையில்லை என்று அரசு அறிவிக்க வழிசெய்தது. ஊர்த்தெருவில் நடக்கும் உரிமை, தேசியவாதிகள் புறக்கணித்த அதே மன்றத்தின் வழியாகக் காகிதத்தில் ஏறியது.

இதை வைத்து நம் தலைவர்களை வெள்ளைக்காரரின் விசுவாசிகள் என்று எழுதியவர்கள் உண்டு. இன்றும் எழுதுகிறார்கள். வெள்ளையர் அரசு நமக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிடவில்லை. கிராமத்தில் தீண்டாமையைத் தட்டிக் கேட்கவும் இல்லை. மேல்சாதி நிலவுடைமையாளர்களோடு கைகோத்துத்தான் வரி வசூலித்தது. அந்த அரசாணைகள் பல ஊர்களில் காகிதமாகவே கிடந்தன. இவை எல்லாம் உண்மை. ஆனாலும் இரண்டு எசமானர்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டவர், தூரத்து எசமானரிடம் மனு எழுதி அருகிலிருப்பவரின் கையைத் தடுக்க முயல்வது துரோகமாகாது. அது உயிர் பிழைக்கும் அரசியல்.

ஒடுக்கப்பட்டவர் கையில் இதே ஆயுதம்

அப்படியானால் புறக்கணிப்பு என்பது உள்ளவர்களின் ஆயுதம் மட்டும்தானா? இல்லை. அது நம் கையில் இருந்தபோது என்ன செய்தது என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

திருவிதாங்கூரில் அய்யன்காளி, ஒத்துழையாமை இயக்கத்துக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே, புலையர் விவசாயக் கூலிகளின் வேலைநிறுத்தத்தை நடத்தினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்பதுதான் அதன் அடிப்படை. வயல்கள் தரிசாகின. பட்டினி வந்தபோது, கடலோர மீனவர்களோடு பேசி அவர்கள் படகுகளில் தன் மக்களுக்கு வேலை ஏற்பாடு செய்தார். நிலவுடைமையாளர்கள் கடைசியில் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அவர்கள் விலக்கிக்கொண்டது தங்களிடம் உண்மையாகவே இருந்த உழைப்பை. கோரிக்கை அவர்களுடையது. பட்டினிக்கு மாற்று முன்னேற்பாடு இருந்தது.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பும் இப்படித்தான். பேருந்துப் பயணிகளில் பெரும்பாலோர் அவர்களே, ஆகவே அவர்கள் விலகினால் நிறுவனத்துக்கு வலிக்கும். வேலைக்குப் போக கார்களைப் பகிர்ந்து ஓட்டும் ஏற்பாட்டை அவர்களே செய்துகொண்டார்கள். 381 நாட்கள் தாக்குப்பிடித்தார்கள். தெருவில் போராடிக்கொண்டே நீதிமன்றத்தில் வழக்கும் நடத்தினார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்போடுதான் அது முடிந்தது. ஒரு கதவைத் தட்ட இன்னொரு கதவை மூட வேண்டியதில்லை என்று காட்டினார்கள்.

ஒரே சொல், இரண்டு முனை

அக்காலத் தமிழ்ப் பத்திரிகைகள் இந்த ஆயுதத்தைப் பகிஷ்காரம் என்று எழுதின. பாபாசாகேப் 1927-ல் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'பகிஷ்கிருத பாரத்', அதாவது விலக்கி வைக்கப்பட்ட இந்தியா. தேசியவாதிகளுக்கு அந்தச் சொல் அவர்கள் பிறருக்குச் செய்யும் ஒன்று. நமக்கு அது நம் மீது செய்யப்பட்ட ஒன்று. நம் ஊர்களில் இதை 'ஊர்க்கட்டுப்பாடு' என்பார்கள். கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது, யாரும் பேசக் கூடாது. ஒரு அடிகூட விழாமல் ஒரு குடும்பத்தைப் பட்டினிபோட்டு மண்டியிட வைக்கும் முறை அது. பார்வைக்கு முழு அகிம்சை!

அதனால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் கொண்டுவந்து 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை ஏவுவதைக் குற்றமாக்கியது. அடிக்காமல் செய்வதெல்லாம் அறமாகிவிடாது என்பதற்கு இந்தச் சட்டப்பிரிவே சாட்சி. புறக்கணிப்பு மேலிருந்து கீழே வருகிறதா, கீழிருந்து மேலே போகிறதா என்பதில் இருக்கிறது அதன் நியாயம்.

நாம் கேட்க வேண்டியவை

இனி எந்தப் புறக்கணிப்பு அழைப்பு வந்தாலும், அது எந்தக் கட்சியிடமிருந்து வந்தாலும், நம் இயக்கங்களிடமிருந்தே வந்தாலும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

இந்த முடிவை எடுத்த அறையில், அதிகம் இழக்கப்போகிறவர்கள் இருந்தார்களா?

விடச் சொல்வதற்குப் பதிலாகக் காட்டும் மாற்று எல்லோருக்கும் திறந்திருக்கிறதா, அல்லது அங்கேயும் தனிப் பந்தியா?

கூலி நின்ற நாட்களில் யார் வீட்டில் அடுப்பு எரியும், யார் வீட்டில் அணையும்? அணையும் வீட்டுக்கு என்ன ஏற்பாடு?

வர இயலாதவரை என்ன செய்யப்போகிறோம்?

இந்த நான்கில் ஒத்துழையாமை இயக்கம் நான்காவதில்தான் மோசமாகத் தோற்றது என்பது என் மதிப்பீடு. மற்ற மூன்றிலும் அது குறைப்பட்டது, பின்னாளில் ஓரளவு திருத்திக்கொள்ளவும் முயன்றது. புளியந்தோப்பு ஏற்படுத்திய பிளவு அதன்பின் தொழிற்சங்கம், திராவிட அரசியல், காங்கிரஸ் அரசியல் மூன்றிலும் ஆறாத புண்ணாகத் தங்கிவிட்டது.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள் அதிகம். 13 நாள் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. புளியந்தோப்பு அந்தத் திரு.வி.க. நகர் மண்டலத்துக்குள்தான் இருக்கிறது. 1921-ல் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை என்று எரிக்கப்பட்ட இடத்திலிருந்து, நூறாண்டு கழித்து ஒரு வேலைநிறுத்தம் புறப்பட்டு வந்தது.

அந்த 13 நாட்களில் அவர்களுடன் சென்று உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர், குப்பை தேங்குகிறதே என்று மட்டும் கவலைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். ஒற்றுமைக்கு வரவில்லை என்று நம்மைக் குறை சொன்ன வரலாறு நீளமானது. நாம் அழைத்தபோது வந்தவர்களின் பட்டியல் இன்னும் சின்னதுதான். அடுத்த முறை ஒரு தூய்மைப் பணியாளரோ ஒப்பந்தத் தொழிலாளியோ துடைப்பத்தையும் கருவியையும் கீழே வைக்கும்போது, அந்த வாரத்துக்கான அரிசியோடு முதலில் போய் நிற்பது நம் வேலை. அய்யன்காளியிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அது.